இரண்டு முறை பாதியில் விட்டவர் மூன்றாம் முறை ஓடத் தொடங்குவது எப்படி?

கேள்வி கேட்டவருக்கு வயது 38. பத்தாண்டுகளுக்கு மேலாக நாற்காலியில் அமர்ந்தே செய்யும் வேலை. ஓடிப் பழக வேண்டும் என்ற ஆசையில் இதுவரை இரண்டு முறை தொடங்கியிருக்கிறார். முதல் முறை, இரண்டு நிமிடத்துக்குள் மூச்சு முட்டியதால் ஒரே வாரத்தில் கைவிட்டார். இரண்டாம் முறை வைராக்கியத்தோடு தினமும் ஓடினார். மூச்சு பழகிவிட்டது, வேகமும் கூடியது, ஆனால் ஐந்தாவது வாரத்தில் கணைக்காலில் வலி கண்டு நிறுத்த நேர்ந்தது. தன் உடம்பு ஓட்டத்துக்கு ஏற்றதுதானா, ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்பது உண்மையா, எந்தக் காலணி வாங்குவது, மூன்றாம் முறை எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் பட்டது, இரண்டு முறையும் நின்றுபோன காரணம் வேறு வேறு என்பதுதான். முதல் முறை உங்களை நிறுத்தியது மூச்சு. இரண்டாம் முறை மூச்சு உங்கள் பக்கம் வந்துவிட்டது, நிறுத்தியது எலும்பு. புதியவர்களை ஓடப் பழக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த இரண்டு அனுபவங்களையும் இதே வரிசையில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் உடம்பில் குறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்ற ஒரு செய்தியை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். காலணி, முழங்கால், பயிற்சித் திட்டம் என்று நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் விடை அந்தச் செய்தியிலிருந்தே கிளைக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஓடத் தொடங்கிய முதல் ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக இரத்தத்தை வெளியே தள்ள முடிகிறது. அதே வேகத்தில் ஓடும்போது நாடித்துடிப்பு குறைகிறது. அடுத்த சில வாரங்களில் தசைச் செல்களுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தசை இழைகளைச் சுற்றி நுண்ணிய இரத்தக்குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள், முன்பு இரண்டு நிமிடம் ஓட முடியாதவர் இருபது நிமிடம் ஓடும் நிலைக்கு வந்துவிடுவதற்கு இவையே காரணம். உங்களுக்கு இரண்டாம் முறை நடந்தது இதுதான்.

எலும்பும் தசைநாணும் இந்த அவசரத்துக்கு உடன்படுவதில்லை. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவற்றின் உள்திசு மிக மெதுவாகவே மாறும். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 திடீரென்று கூடியது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் உடல் திசுக்களில் அது ஒரு காலமுத்திரைபோலப் பதிந்துபோயிற்று. அந்த முத்திரையை வைத்து டென்மார்க்கில் ஆய்வாளர்கள் குதிகாலுக்கு மேலே உள்ள அகில்லிஸ் தசைநாணை ஆராய்ந்து, அதன் நடுப்பகுதி ஏறக்குறைய முதல் 17 வயதுக்குள் உருவாகி, அதன் பிறகு பெரும்பாலும் புதுப்பிக்கப்படாமலேயே இருக்கிறது என்று 2013இல் வெளியிட்டார்கள். தசைநாணுக்குப் பயிற்சியால் வலுவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. மாதக்கணக்கில் நிதானமாகச் சுமை கொடுத்தால் அது விறைப்பும் உறுதியும் பெறுகிறது. ஆனால் வாரக்கணக்கில் அதை விரட்ட முடியாது.

எலும்பின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது, ஏனென்றால் உங்கள் வலி அங்கேதான் வந்தது. எலும்புக்குப் புதிய சுமை வரும்போது அது முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்து அகற்றுகிறது. அதன் பிறகே அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி முடித்து, சுண்ணாம்புச்சத்து ஏறிக் கெட்டிப்படுவதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகும். ஆகவே ஓடத் தொடங்கிய முதல் மாதத்தை ஒட்டிய காலத்தில், சுமை ஏறும் இடங்களில் எலும்பு தற்காலிகமாகச் சற்று வலுவிழந்திருக்கிறது. அதே காலத்தில்தான் மூச்சு இலகுவாகி, இன்னும் வேகமாக, இன்னும் நீண்ட தூரம் ஓடலாம் என்ற உற்சாகம் பிறக்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்வது புதியவர்களுக்கு நேரும் பெரிய துரதிர்ஷ்டம். ஓட்டம் என்பதே பொழுதுபோக்காக இல்லாத காலத்தில் இதை முதலில் கவனித்தவர்கள் படை மருத்துவர்கள். நீண்ட அணிநடைக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் ப்ரைட்ஹாப்ட் பதிவு செய்தார். 1895இல் எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே அது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசல் என்று தெரிய வந்தது. அடிபடாமல், விழாமல், திரும்பத் திரும்ப ஏறும் சுமையாலேயே எலும்பு விரிசல் காணும் என்பதற்கு அதுவே முதல் சான்று.

சுமை என்றால் எவ்வளவு என்பதையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நடக்கும்போது ஒவ்வொரு காலும் தரையில் ஏறக்குறைய உடல் எடைக்கு இணையான, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான விசையைத் தாங்குகிறது. ஓடும்போது இரண்டு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்பி, பிறகு ஒற்றைக்காலில் இறங்குவதால், அந்த விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் 4,800 அடிகள், அதாவது ஒவ்வொரு காலுக்கும் 2,400 இறக்கங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கால் 150 கிலோவுக்கு ஒத்த விசையை அத்தனை முறை வாங்கிக்கொள்கிறது. பத்தாண்டுகள் நாற்காலியில் இருந்த எலும்பிடம் இதைத் தினமும், ஓய்வே தராமல் கேட்டால் அது வலியால்தான் பதில் சொல்லும்.

முதல் முறை ஏன் மூச்சு முட்டியது என்பதற்கு விளக்கம் எளிது: நீங்கள் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள். உங்களைப் பார்க்காமலேயே எப்படிச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். புதிதாக வருபவர்களில் ஏறத்தாழ எல்லோருமே அப்படித்தான் ஓடுகிறார்கள். ஓட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பள்ளிக்காலத்து நூறு மீட்டர் பந்தயமே. அதன் வேகம்தான் ஓட்டத்தின் வேகம் என்று கால்கள் பதிந்து வைத்திருக்கின்றன. பழகுவதற்கான ஓட்டம் வேறு. வேகமாக நடப்பவர் ஒருவர் உங்களுக்கு இணையாக வந்துவிடக்கூடிய அளவுக்கு அது மெதுவாக இருக்கலாம். இருந்தால் தவறே இல்லை. சரியான வேகத்தை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழெட்டுச் சொற்கள் கொண்ட ஒரு முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அதுவே உங்கள் வேகம். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வரவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் நடங்கள்.

இங்கே கைக்கடிகாரங்கள் காட்டும் நாடித்துடிப்பைப் பற்றி ஒரு சொல். 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச நாடித்துடிப்பு கிடைக்கும் என்ற கணக்கை ஸ்மார்ட் வாட்ச்கள் பல பயன்படுத்துகின்றன. 1970களின் தொடக்கத்தில், ஏற்கெனவே வெளிவந்திருந்த பல ஆய்வுகளின் எண்களை ஒன்றாக வைத்து, கண்ணளவில் போட்ட கோடு அது. தனி மனிதருக்குத் துல்லியமாகப் பொருந்தும் என்ற எண்ணத்தில் உருவானதல்ல. உங்கள் வயதுக்கு அது 182 என்று சொல்லும். உண்மையில் அது 170ஆகவும் இருக்கலாம், 194ஆகவும் இருக்கலாம், இரண்டும் இயல்பே. கடிகாரம் சிவப்பு காட்டுகிறதே என்று கலங்குபவர்களையும், பச்சை காட்டுகிறது என்று மூச்சுத் திணறத் திணற ஓடுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். முதல் மூன்று மாதங்களுக்கு வாக்கியச் சோதனையே போதும்.

மெதுவாக ஓடுவது தொடக்கநிலையாளருக்கு இரக்கப்பட்டுச் சொல்லப்பட்ட வழி என்று எண்ண வேண்டாம். நியூசிலாந்தைச் சேர்ந்த பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் மாணவர்கள் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் இரண்டு தங்கம் வென்றார்கள்: 800 மீட்டரில் பீட்டர் ஸ்னெல், 5,000 மீட்டரில் மரே ஹால்பர்க். மாதக்கணக்கில் நீண்ட தூரம், திணறாத வேகத்தில் ஓடி அடித்தளம் அமைத்த பிறகே வேகப் பயிற்சி என்பது அவருடைய முறை. அதே லிடியார்ட் பின்னர் ஆக்லாந்து நகரத்தில் நடுத்தர வயதினரையும் இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் பேசிக்கொண்டே ஓடச் செய்தார். 1962இன் இறுதியில் அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அந்தக் குழுவோடு ஓடிப் பார்த்தார். வீரர்களுக்குப் பயிற்சி தருவதையே வாழ்க்கையாகக் கொண்ட அவரால், தன்னைவிட மூத்தவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஊர் திரும்பிய அவர் 1963இல் ஓரிகன் மாநிலத்தின் யூஜின் நகரத்தில் சாதாரண மக்களுக்கு மெல்லோட்டப் பயிற்சி தொடங்கினார். இன்று உலகெங்கும் பூங்காக்களில் ஓடுகிறவர்களின் பழக்கத்துக்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது. அந்த வேரே மெதுவான ஓட்டம்தான்.

இனி மூன்றாம் முறைக்கு வருவோம்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சில் அழுத்தமோ வலியோ வருவது, காரணமின்றி மயக்கம் வந்திருப்பது, நெருங்கிய உறவினர் யாரேனும் இள வயதில் திடீரென இதயம் நின்று இறந்திருப்பது, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இன்சுலின் எடுத்துக்கொள்ளும் நீரிழிவு, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். இவை எதுவும் இல்லாதவருக்கு மெதுவான நடையில் தொடங்கி ஏறுவது பாதுகாப்பான வழி.

கணைக்கால் வலி இப்போது முற்றிலும் போய்விட்டதா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஒற்றைக்காலில் நின்று பத்து முறை குதித்துப் பாருங்கள். எலும்பை விரலால் அழுத்தியும் பாருங்கள். இரண்டிலும் வலி இல்லை என்றால், முதல் மூன்று வாரங்கள் ஓடாமல், வாரம் ஐந்து நாட்கள் முப்பது நிமிடம் விறுவிறுப்பாக நடங்கள். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஓட வந்தவரை நடக்கச் சொல்வதா என்பார்கள். இந்த மூன்று வாரங்களைத் தாண்டிக் குதிக்க விரும்பியவர்களே பிற்பாடு வலியோடு என்னிடம் திரும்பி வந்தவர்களில் அதிகம் என்பதால், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும், இரண்டு ஓட்டங்களுக்கு இடையே குறைந்தது ஒரு நாளாவது இடைவெளி இருக்கும்படி ஓடுங்கள். நீங்கள் இரண்டாம் முறை செய்த தவறு தினமும் ஓடியதே. எலும்புக்குக் கட்டும் நேரத்தை நீங்கள் தரவில்லை. ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிட நடையோடு தொடங்கி, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஏழெட்டு முறை மாற்றி மாற்றிச் செய்து, மீண்டும் ஐந்து நிமிட நடையோடு முடியுங்கள். முதல் வாரத்தில் ஒரு நாளின் மொத்த ஓட்ட நேரம் எட்டு நிமிடத்தைத் தாண்டாது. அடுத்தடுத்த வாரங்களில் ஓட்டத்தை ஒன்றரை, இரண்டு, மூன்று நிமிடமாகக் கூட்டி, நடையை ஒரு நிமிடம் வரை குறைத்துக்கொண்டே வரலாம். ஓட்டம் ஐந்து நிமிடமும் நடை ஒரு நிமிடமுமாக வசதியாகச் செய்ய முடிந்த பிறகு, எட்டு நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று ஏறுங்கள். தூரத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். தூரத்தை இலக்காக வைத்தால் அதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மனம் விரட்டும். நேரத்தை இலக்காக வைத்தால் வேகமாக ஓடி எந்த ஆதாயமும் இல்லை.

ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்கு ஏறலாமா என்பதை நாள்காட்டி முடிவு செய்யக் கூடாது. அந்த வாரத்தின் மூன்றாவது ஓட்டத்தை வாக்கியச் சோதனையில் தேறியபடி முடித்தீர்களா, மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் புதிய வலி ஏதும் இல்லையா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்றால் ஏறுங்கள். இல்லையென்றால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். திரும்பச் செய்த வாரம் வீணான வாரம் என்று கருதுவது தவறு. உங்கள் எலும்பு அந்த வாரத்திலும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நடையையும் ஓட்டத்தையும் கலப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. 1996இல் அமெரிக்காவில் ஜாஷ் கிளார்க் என்ற இளைஞர் தன் தாயாருக்கு உதவும் பொருட்டு வகுத்த ஒன்பது வாரத் திட்டம் இன்று உலகில் மிகுதியாகப் பின்பற்றப்படும் தொடக்கநிலைத் திட்டமாக இருக்கிறது. 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று தொடங்கி, 5 கிலோமீட்டரில் கொண்டுபோய் நிறுத்தும். நல்ல திட்டம்தான். ஆனால் ஐந்தாவது வாரத்தின் முடிவிலேயே அது இருபது நிமிடம் இடைவிடாமல் ஓடச் சொல்கிறது; நீங்கள் கணைக்கால் வலி கண்ட அதே வாரம். இருபது வயதுக்காரருக்கும், ஏற்கெனவே ஏதாவது விளையாட்டில் இருப்பவருக்கும் அது ஒத்துவரலாம். உங்களைப் போன்றவருக்கு அதை இரண்டு மடங்கு காலத்துக்கு நீட்டிக்கொள்ளும்படியே நான் சொல்வேன்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே என்ற விதியை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தில் 532 புதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அந்த விதியை ஒட்டிய 13 வாரத் திட்டமும் மற்றொன்றுக்கு வழக்கமான 8 வாரத் திட்டமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, இரண்டு குழுக்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம், வேறுபாடே இல்லை. நிதானம் பயனற்றது என்று இதிலிருந்து நான் முடிவு கட்டவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு விழுக்காடு காப்பாற்றாது, ஒவ்வொருவரும் தம் உடல் தரும் குறிப்பைக் கவனித்தே ஏற வேண்டும் என்பதையே இது காட்டுகிறது என்பது என் கருத்து.

அந்தக் குறிப்புகளில் எதை மதிக்க வேண்டும், எதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்பது புதியவருக்குத் தெரியாது. அதனால்தான் சிலர் சாதாரணத் தசைவலிக்கு அஞ்சி நிறுத்துகிறார்கள், சிலர் ஆபத்தான வலியோடு ஓடுகிறார்கள். ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக, இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி வலித்தால் அது தசை பழகும் வலி. நடக்க நடக்கக் குறையும், இரண்டு மூன்று நாட்களில் போய்விடும். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை ஒட்டி நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கும்போது கூடி, சற்று நேரத்தில் தணிந்தால், அது எலும்பின் மேல் சுமை மிகுந்துவிட்டதற்கான எச்சரிக்கை. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் இதுவாக இருக்கலாம். இந்த நிலையில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, நடையைக் கூட்டி, இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்து, ஓட ஓடக் கூடி, ஒற்றைக்காலில் குதித்தால் சுரீரென்று குத்தி, படுத்திருக்கும்போதும் விடாமல் இருந்தால், உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். எலும்பு விரிசல் தொடக்க வாரங்களில் சாதாரண எக்ஸ்-ரே படத்தில் பல சமயம் தெரியாது; எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். படம் சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்த வலியோடு ஓடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நானே என் முதல் ஆண்டில் அப்படி ஓடி, ஆறு வாரத்தில் ஆறியிருக்க வேண்டிய விரிசலை நான்கு மாதமாக்கிக்கொண்டேன்.

முழங்கால் தேய்மானம் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கணக்கொன்றில், உடல்நலத்துக்காகவும் பொழுதுபோக்காகவும் ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே வாழ்பவர்களில் அது 10.2 விழுக்காடு, போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடும் தொழில்முறை ஓட்டக்காரர்களில் 13.3 விழுக்காடு. மூட்டு வலி உள்ளவர்கள் முதலிலேயே ஓட்டத்தைத் தவிர்ப்பார்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே ஓட்டத்தின் பலன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும், மிதமாக ஓடுபவரின் முழங்கால் தேயும் என்ற நம்பிக்கைக்கு இவற்றில் ஆதரவு இல்லை என்பது தெளிவு. மூட்டுக் குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. அழுந்தி விடுபடும்போதே ஊட்டநீர் அதற்குள் சென்று வருகிறது. புதியவர்களுக்கு முழங்காலில் வரும் வலி பெரும்பாலும் முழங்கால் சில்லைச் சுற்றி, படி இறங்கும்போது தெரியும் வலி. அதற்குத் தேய்மானம் காரணமல்ல. தொடைத் தசையும் இடுப்புத் தசையும் புதிய சுமைக்கு இன்னும் வலுப்பெறாததே காரணம்.

ஆகையால் தசை வலுவூட்டும் பயிற்சியை ஓட்டத்தின் ஒரு பகுதியாகவே கருதுங்கள். வாரம் இரண்டு நாள், பதினைந்து நிமிடம் போதும். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குவது எல்லாவற்றிலும் முக்கியமானது. முதலில் இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக்காலிலும் செய்யலாம். ஒரே காலில் இருபது முறைக்கு மேல் நிதானமாகச் செய்ய முடியும்போது கெண்டைக்கால் ஓட்டத்தைத் தாங்கத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அதோடு நாற்காலியில் அமர்வதுபோல இறங்கி எழுவதும், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவதும் சேர்த்தால் போதுமானது.

காலணி விஷயத்தில் நீங்கள் செலவிடப்போகும் கவலை, அதற்குரிய அளவைவிட அதிகம். பாதத்தின் வளைவைப் பார்த்து, தட்டைப் பாதத்துக்கு ஒன்று, உயர்ந்த வளைவுக்கு ஒன்று என்று பரிந்துரைக்கும் வழக்கம் பல காலம் இருந்தது. அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகிய மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அப்படி வளைவு பார்த்தும், மற்றவர்களுக்குப் பார்க்காமல் ஒரே வகையாகவும் காலணி கொடுத்து ஒப்பிட்டபோது, காயங்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓடுவதற்கென்று செய்யப்பட்ட காலணியாக இருக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அணிந்து பத்தடி ஓடிப் பார்த்ததும் காலுக்கு இதமாக இருக்க வேண்டும். போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லப்படும் காலணியை வாங்காதீர்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பார்ப்பது நல்லது. 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய பிறகு மாற்றுவது வழக்கம். உங்களுக்கு அது ஓராண்டுக்கு மேல் வரும்.

பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தரையில் பட வேண்டும் என்ற விவாதத்தில் இறங்காதீர்கள். பெரும்பாலானோர் குதிகாலில்தான் இறங்குகிறார்கள். அதை வலிந்து மாற்றினால் சுமை முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் அகில்லிஸ் தசைநாணுக்கும் இடம் மாறுமே தவிர மறைந்துவிடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காலை உடம்புக்கு வெகு முன்னால் நீட்டி ஊன்றாமல், சிறு சிறு அடிகளாக வையுங்கள். பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வீரர்களின் அடிகளை எண்ணியபோது ஏறத்தாழ எல்லோரும் நிமிடத்துக்கு 180 அல்லது அதற்கு மேல் வைத்ததைக் கண்டார். அந்த எண்ணை நீங்கள் எட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் அவர்களின் வேகம் வேறு. உங்கள் இப்போதைய எண்ணிக்கையைவிட ஐந்து விழுக்காடு கூட்டினாலே ஒவ்வோர் இறக்கத்திலும் முழங்கால் தாங்கும் சுமை குறையும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடுவதற்கு முன் நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடிப்பதால் காயமோ மறுநாள் வலியோ குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைவதில்லை. ஐந்து நிமிட நடையே நல்ல தயாரிப்பு. அரை மணி நேர ஓட்டத்துக்குத் தனி உணவோ விளையாட்டுப் பானமோ தேவையில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தால் சரி, தாகம் எடுத்தால் தண்ணீர் போதும். வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் உடம்பு பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்களில் வழக்கத்தைவிட மெதுவாகவே ஓட முடியும், அதைப் பின்னடைவாக எண்ணக் கூடாது. காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. எடையைக் குறைப்பதற்காகத் தொடங்குகிறீர்கள் என்றால் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள்: ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி செலவாகிறது; 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 350. அது ஒரு வேளைச் சாப்பாட்டைவிடக் குறைவு. இதை ஈடுகட்ட உணவை வெகுவாகக் குறைத்துக்கொண்டே ஓடுபவர்களுக்கு எலும்பு கட்டுவதற்கான பொருளே கிடைக்காமல் போகிறது; பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று, அதை ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது.

நடுவில் வேலையாலோ உடல்நலக் குறைவாலோ சில நாட்கள் தவறும். ஒரு வாரம் தவறினால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் தவறினால் இரண்டு படி இறங்கித் தொடங்குங்கள். தவறிய நாட்களை ஈடுசெய்ய ஒரே வாரத்தில் ஐந்து நாள் ஓடுவது மட்டும் வேண்டாம்.

இப்படிப் போனால் நான்காவது அல்லது ஐந்தாவது மாதத்தில் முப்பது நிமிடம் நடையின்றி, பேசக்கூடிய வேகத்தில் ஓடுவீர்கள். அங்கே வந்ததும் அடுத்த ஆசை எழும். 10 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று தோன்றும். அதற்கு முன் அந்த முப்பது நிமிடத்திலேயே இரண்டு மாதம் இருங்கள். வாரம் மூன்று நாள், அதே நேரம், அதே வேகம். அந்த இரண்டு மாதங்களில் வெளியே தெரியும்படி எதுவும் நடக்காது. ஆனால் உங்களை இரண்டாம் முறை நிறுத்திய அந்தக் கணைக்கால் எலும்பு, கரைத்த இடத்தைக் கட்டி முடித்து, உங்கள் மூச்சு நெடுநாட்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட இடத்துக்கு அப்போதுதான் வந்து சேரும். அதன் பிறகு நான்காவது நாளைச் சேர்ப்பதா, ஒரு நாளின் ஓட்டத்தை நீட்டுவதா என்று யோசிக்கலாம். நான் நீட்டுவதையே முதலில் சொல்வேன், வாரத்துக்கு ஐந்து நிமிடம் என்ற கணக்கில், ஒரே ஒரு நாளில் மட்டும்.